கடல் காட்டியதைக் கடலே கேட்கிறது



பொதுச்சுவரில் ஈரம் கசிந்தால் யார் செலவு? நடைவழியில் செருப்பு அலமாரி வைக்கலாமா? வடிகால் அடைத்துக்கொண்டால் மேல்வீட்டுக்காரர் பொறுப்பா, கீழ்வீட்டுக்காரர் பொறுப்பா? இந்தக் கேள்விகள் வராத பொதுக்குழுக் கூட்டம் நமக்கு இல்லை. இதே கேள்விகள் எழுந்திருக்கக்கூடிய இன்னொரு குடியிருப்பைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன்.

எட்டு வீடுகள். பெரும்பாலும் ஒன்றோடொன்று நெருக்கிக் கட்டியவை. வீடுகளை இணைக்கும் பொது நடைவழி, மேலே கல் மூடியது. அடியில் வடிகால். வாசலுக்குத் தாழிடும் வசதி. கட்டி ஏறக்குறைய 5,000 ஆண்டுகள் ஆகின்றன. எகிப்தின் பெரிய பிரமிடு எழுவதற்குச் சுமார் 500 ஆண்டுகள் முன்பே அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

இடத்தின் பெயர் ஸ்காரா ப்ரே. ஸ்காட்லாந்தின் வடமுனைக்கு அப்பால் ஆர்க்னி என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. சுமார் 70 தீவுகள். அவற்றில் 20 அளவில்தான் ஆட்கள் வசிக்கிறார்கள். மொத்த மக்கள்தொகை ஏறக்குறைய 22,000. நம் ஊரில் சில பெரிய அடுக்குமாடி வளாகங்களைச் சேர்த்தாலே அந்தக் கணக்கு வந்துவிடும். அந்தத் தீவுகளில் பெரியதான மெயின்லாண்டின் மேற்குக் கரையில், ஸ்கேல் விரிகுடாவின் ஓரத்தில் இந்தக் கற்காலக் குடியிருப்பு இருக்கிறது. இன்று அதற்கும் கடலுக்கும் நடுவே ஒரு தடுப்புச்சுவர்தான் நிற்கிறது.

அந்தச் சுவர் எத்தனை நாள் தாங்கும், தாங்காவிட்டால் போவது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

புயல் திறந்துவிட்ட ஊர்

1850 குளிர்காலம். ஆர்க்னியைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. ஸ்கேல் விரிகுடா ஓரத்தில் புல் மூடிய மணல்மேடு ஒன்று இருந்தது. காற்றும் அலையும் சேர்ந்து அதன் புல்லையும் மணலையும் உரித்துப் போட்டன. விடிந்து பார்த்தால் உள்ளே கல் சுவர்கள் தெரிந்தன. நிலத்தின் உரிமையாளர் வில்லியம் வாட் தோண்ட ஆரம்பித்தார். 1868-க்குள் நான்கு வீடுகள் வெளியே வந்தன. பிறகு வேலை நின்றுபோனது. 1913-ல் ஒரு வார இறுதியில் சிலர் மண்வெட்டிகளோடு வந்து தோண்டி, கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். என்ன எடுத்தார்கள் என்ற கணக்கு யாரிடமும் இல்லை.

1920-களின் நடுவில் இன்னொரு புயல். இம்முறை கடல் எதையும் காட்டவில்லை. வெளியே இருந்த வீடொன்றின் ஒரு பகுதியைக் கொண்டு போனது. அதன் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டு தடுப்புச்சுவர் கட்டியது. எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. கார்டன் சைல்டு 1928 முதல் 1930 வரை முறைப்படி அகழாய்வு செய்தார். வேட்டையாடி வாழ்ந்த மனிதன் உழவனாக மாறியதைக் குறிக்கும் 'புதிய கற்காலப் புரட்சி' என்ற சொல்லைப் பரப்பியவர் இவர்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குடியிருப்பை உலகத்துக்குக் காட்டியதும் புயல். அதில் ஒரு வீட்டை உடைத்து எடுத்துக்கொண்டதும் புயல். இரண்டுக்கும் நடுவே முக்கால் நூற்றாண்டு இடைவெளி. இப்போது அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டு வருகிறது.

உள்ளே ஒரு சுற்று

நடைவழியில் நிமிர்ந்து நடக்க முடியாது. குனிந்துதான் போக வேண்டும். குளிர்காற்று உள்ளே வராமல் இருக்க அப்படிக் கட்டியிருக்கிறார்கள். வாசலும் அதே மாதிரி தாழ்வானது. கதவின் பின்னால் குறுக்குக் கட்டை செருகுவதற்குச் சுவரில் துளைகள் இருக்கின்றன.

உள்ளே ஒரே பெரிய அறை. சராசரி 40 சதுர மீட்டர், அதாவது 430 சதுர அடி. நம் ஒற்றைப் படுக்கையறை வீட்டை விடச் சிறியது. நடுவில் சதுரமான அடுப்பு. இரண்டு பக்கமும் கல் பலகைகளை நிறுத்தி அமைத்த கட்டில்கள். அதில் வைக்கோலும் தோலும் விரித்துப் படுத்திருப்பார்கள். வாசலுக்கு நேர் எதிரே இரண்டு அடுக்குள்ள கல் அலமாரி. நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். நம் வரவேற்பறையில் டிவி இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் கசியாமல் களிமண் பூசிய சிறு கல் தொட்டிகள். சுவருக்குள் குடைந்த சிற்றறைகள். அவற்றில் சிலவற்றின் அடியில் வடிகால் ஓடுகிறது. அவை கழிப்பறைகளாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எல்லாம் கல்லாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆர்க்னியில் மரம் அரிது. பலகை பலகையாகப் பிளக்கும் கல் தாராளம். மரத்தில் செய்திருந்தால் என்றோ மக்கிப் போயிருக்கும் கட்டிலும் அலமாரியும் கல்லில் செய்ததால் இன்றும் அதே இடத்தில் நிற்கின்றன.

எட்டு வீடுகளும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே அமைப்பு. பெரிய வீடு, சின்ன வீடு என்ற பேதம் பெரிதாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தனியே நிற்கிறது. அதில் கட்டில் இல்லை. கல் கருவி செய்த சில்லுகள் கிடந்தன. அது பட்டறை.

ஒரு வாசலுக்கு அருகே நடைவழியில் மணிகள் சிதறிக் கிடந்தன. புயலுக்குப் பயந்து ஓடிய ஒரு பெண்ணின் கழுத்து மாலை குறுகிய வாசலில் சிக்கி அறுந்திருக்கும் என்று சைல்டு நினைத்தார். இன்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை; மக்கள் ஒரே நாளில் ஓடவில்லை, சிறிது சிறிதாக இடம் பெயர்ந்தார்கள் என்கிறார்கள். ஆனால் மணிகள் அங்கே கிடந்தது உண்மை. யாரோ ஒருவர் அதைத் தேடியிருப்பார்.

குப்பைமேடு சொன்ன வயது

இனி நாம் யாரும் எதிர்பார்க்காத ஒரு செய்தி. அந்த வீடுகளைச் சுற்றி மெத்தை போல இருந்தது குப்பை.

பழைய குப்பைமேட்டைத் தோண்டி அதற்குள் வீடுகளைப் பதித்திருக்கிறார்கள். சாம்பல், எலும்பு, கிளிஞ்சல், சாணம் எல்லாம் கலந்து இறுகிய அந்த மண் சுவர்களுக்கு முட்டுக் கொடுத்தது, குளிரையும் தடுத்தது. குப்பை அகற்றும் தகராறு அந்தக் குடியிருப்பில் வந்திருக்காது.

இந்தக் குப்பைமண்தான் அந்த ஊரின் ஏடு. மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் வாற்கோதுமையும் மீன் முள்ளும் அதில்தான் கிடைத்தன. கல் சுவர் அவர்கள் எப்படிக் கட்டினார்கள் என்று சொல்லும். என்ன சாப்பிட்டார்கள், எந்த மாதத்தில் எந்த மீன் பிடித்தார்கள், கால்நடையை எந்த வயதில் அறுத்தார்கள் என்பதைக் குப்பைதான் சொல்லும். நீர் ஊறிய ஓரிடத்தில், புதர்த் தண்டை முறுக்கித் திரித்த கயிறு ஒன்றுகூட மக்காமல் கிடைத்தது. 5,000 ஆண்டுக் கயிறு!

சைல்டு செய்த ஒரு தவறும் அது திருத்தப்பட்ட விதமும் இங்கே முக்கியம். ஸ்காரா ப்ரே கி.மு. 500-ஐ ஒட்டிய ஊர் என்று அவர் நம்பினார். 1931-ல் வெளியிட்ட தன் நூலின் தலைப்பிலேயே அதைப் பிக்ட் இனத்தாரின் கிராமம் என்று போட்டார். 1972, 1973-ல் அங்கே மறுபடி சிறிய அளவில் தோண்டினார்கள். அந்தக் குப்பைமண்ணில் கிடைத்த பொருள்களைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள். விடை: கி.மு. 3100-ஐ ஒட்டித் தொடங்கி கி.மு. 2500 வரை. பேராசிரியரின் கணக்கில் ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் பிசகியிருந்தது.

இந்தத் திருத்தம் எப்படி முடிந்தது? சைல்டு தோண்டாமல் விட்ட மண் கொஞ்சம் மீதி இருந்தது. அவர் தோண்டிய காலத்தில் கரிமக் காலக்கணிப்பு என்ற முறையே கிடையாது. பின்னால் வந்தவர்களிடம் அந்த முறை இருந்தது. படிக்க மண்ணும் இருந்தது. இன்று மண்ணில் கலந்திருக்கும் மரபணுவைக்கூடப் படிக்கிறார்கள். இன்னும் 50 ஆண்டு கழித்து எதைப் படிப்பார்களோ. அப்போது மண் இருக்க வேண்டுமே!

கடலரிப்பு என்றால் சுவர் இடிந்து விழும் காட்சிதான் நம் மனதில் வருகிறது. உண்மையில் முதலில் கரைவது கல் அல்ல. யாரும் இன்னும் படிக்காத மண்தான் முதலில் போகிறது.

கடல் எப்படி நெருங்கியது?

அந்த வீடுகளைக் கட்டியபோது கடல் இவ்வளவு அருகில் இல்லை. கரை வெகுதூரம் தள்ளி இருந்தது. பக்கத்தில் நன்னீர்க் குட்டை இருந்தது. கடலோரத்தில் வீடு கட்டும் அளவுக்கு அவர்கள் அசட்டையானவர்கள் இல்லை. விரிகுடாவின் மணற்கரையைக் கடல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரித்து அரித்து இன்றைய இடத்துக்கு வந்திருக்கிறது.

"அப்படியானால் இது எப்போதும் நடப்பதுதானே, இதில் பருவநிலை மாற்றம் எங்கே வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடலரிப்பு புதிதல்ல. அதன் வேகம் புதிது.

ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021-ல் தந்த கணக்குப்படி, 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மி.மீ. என்றிருந்த உயர்வு, 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மி.மீ. ஆகியிருக்கிறது. ஏறக்குறைய மூன்று மடங்கு. கடல்நீர் சூடானால் விரிவடைகிறது. நிலத்தின் மேல் இருக்கும் பனி உருகிக் கடலில் சேர்கிறது. முக்கியக் காரணம் இந்த இரண்டும்தான்.

20 செ.மீ. என்பது ஒரு படிக்கட்டின் உயரம். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். அமைதியான நாளில் அது ஒன்றுமில்லைதான். ஆனால் புயல் நாளில் அலை ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டு அடிக்கிறது. முன்பு சுவரின் காலில் பட்ட அடி இப்போது அதன் நெஞ்சில் விழுகிறது.

ஆர்க்னிக்கு இன்னொரு பாதகமும் உண்டு. பனியுகத்தில் ஸ்காட்லாந்தின் நடுப்பகுதி தடித்த பனிப்பாறையின் எடையில் அமுங்கிக் கிடந்தது. பனி உருகியதும் அந்த நிலம் மெல்ல மேலெழும்பியது. அங்கே கடல் உயர்ந்தால் நிலமும் கொஞ்சம் உயர்ந்து ஈடுகொடுக்கிறது. ஓரத்தில் இருக்கும் ஆர்க்னிக்கு அந்த உதவி கிடைப்பதில்லை.

ஸ்காரா ப்ரேயும் அருகிலுள்ள கல்வட்டங்களும் மேஷோ என்ற கல்லறை மேடும் சேர்ந்து 1999-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. 2019-ல் இந்த இடங்களைப் பருவநிலை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்று வல்லுநர்களும் உள்ளூர்க்காரர்களும் உட்கார்ந்து மதிப்பிட்டார்கள். ஒரு பண்பாட்டுச் சின்னத்துக்கு அந்த மதிப்பீட்டு முறையைப் பயன்படுத்தியது அதுவே முதல்முறை. முடிவு: மிக உயர்ந்த ஆபத்து நிலை. மூன்று காரணங்களை முன்வைத்தார்கள். கடல்மட்டம், புயலின் வலுவும் அடிக்கடி வருவதும், மாறிவரும் மழை.

மழை எப்படி இந்தக் கணக்கில் வந்தது? மண் எப்போதும் நனைந்தே இருந்தால் சுவர்களின் பிடிப்பு தளர்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வந்த சுற்றுலாப் பயணிகளின் காலடியில் ஈரப் புல்தரை சேறாகிறது. மொட்டைமாடியில் தேங்கும் நீர் என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுவர் எதைக் காக்கும்?

1920-களில் கட்டிய தடுப்புச்சுவரைப் பிறகு பலமுறை நீட்டியும் பலப்படுத்தியும் இருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் இன்று அந்த வீடுகள் இல்லை. இருந்தாலும் சுவருக்கு ஒரு குணம் உண்டு. மோதித் திரும்பும் அலை சுவரின் காலடி மணலை இழுத்துக்கொண்டு போகும். சுவர் முடியும் இரண்டு ஓரங்களிலும் கரை வேகமாக உள்வாங்கும். ஓரிடத்தில் கல் கொட்டினால் அடுத்த ஊரில் மணல் போகும் என்பதை நம் கடற்கரை மீனவர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேல் விரிகுடாவிலும் அதே கதைதான். சுவரின் இரு முனைகளையும் தாண்டிக் கரை பின்வாங்குகிறது. அப்படியே போனால் சுவர் மட்டும் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். கடல் பின்பக்கமாகச் சுற்றி வரும்.

அந்த இடத்தைப் பராமரிக்கும் ஸ்காட்லாந்து அரசு அமைப்பு லேசர் கருவியால் குடியிருப்பு முழுவதையும் கரையையும் அளந்து பதிவு செய்திருக்கிறது. எது எவ்வளவு நகர்ந்தது என்பதை அந்தப் பதிவோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். நோயாளிக்கு அவ்வப்போது ஸ்கேன் எடுப்பது மாதிரி. ஸ்கேன் நோயைக் குணப்படுத்தாது. ஆனால் எடுக்காமல் இருப்பவருக்குக் கடைசி நாளில்தான் தெரியும்.

ஸ்காரா ப்ரேக்குச் சுவர் உண்டு, பணம் உண்டு, பெயர் உண்டு. அதே ஆர்க்னியில் பெயரில்லாத எத்தனையோ குடியிருப்புகளும் கல்லறைகளும் கரையோர மண்ணில் புதைந்து கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் சுவர் கட்ட எந்த அரசாலும் முடியாது. அங்கே என்ன நடக்கிறது என்று சொல்வதற்கு முன், தெற்கே இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அவகாசம் எவ்வளவு குறைவு என்பதை அந்தக் கரைதான் தெளிவாகக் காட்டியது.

இரண்டே வாரம்

நார்ஃபோக் கடற்கரையில் ஹேஸ்பரோ என்றொரு கிராமம். வீடுகளும் சாலைகளும் கடலில் விழுந்துகொண்டிருக்கும் ஊர் அது. 2013 மே மாதம், கொந்தளித்த கடல் அங்கே கடற்கரை மணலை வாரிக்கொண்டு போனது. அடியில் இருந்த பழைய சேற்றுப் படிவம் வெளியே தெரிந்தது. அதில் நீளவாக்கில் குழிகள். வேறு வேலையாக அங்கே போயிருந்த ஆய்வாளர்கள் அவற்றை உற்றுப் பார்த்தார்கள். மனிதக் காலடிகள்!

சுமார் 50 தடங்கள். குறைந்தது ஐந்து பேர். சிறுவர்களும் அதில் உண்டு. உயரம் 0.9 மீட்டர் முதல் 1.7 மீட்டர் வரை இருக்கலாம் என்று கணித்தார்கள். ஒரு குடும்பம் ஆற்றோரச் சேற்றில் நடந்து போயிருக்கிறது. காலம் எட்டரை லட்சம் முதல் ஒன்பதரை லட்சம் ஆண்டுகளுக்கு முன். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவரை கிடைத்த காலடித் தடங்களில் அவைதான் மிகப் பழையவை.

கையில் இருந்தது அலை இறங்கும் நேரம் மட்டும். மழை வேறு. தடங்களில் நிறையும் நீரை எடுத்துக்கொண்டே பல கோணங்களில் படம் பிடித்து, அவற்றைக் கணினியில் இணைத்து முப்பரிமாண வடிவம் உருவாக்கினார்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அலை அந்தப் படிவத்தையே துடைத்துவிட்டது. இன்று அந்தத் தடங்கள் உலகத்தில் இல்லை; படங்கள் இருக்கின்றன.

ஒன்பது லட்சம் ஆண்டு பத்திரமாக இருந்தது இரண்டு வாரத்தில் போய்விட்டது. அந்த இரண்டு வாரத்தில் தெரிந்தவர் ஒருவர் அந்த வழியாக நடக்காமல் இருந்திருந்தால்? தடங்கள் இருந்ததும் தெரிந்திருக்காது, போனதும் தெரிந்திருக்காது.

ஒவ்வொரு புயலும் எதையோ திறக்கிறது. பார்க்க ஆள் இருந்தால் அது கண்டுபிடிப்பு. இல்லாவிட்டால் அதுவே இழப்பு. இந்த வேறுபாட்டை உண்டாக்குவது கடல் அல்ல, நாம்தான்.

எதைக் காப்பது, எதை விடுவது?

மறுபடி ஆர்க்னிக்கு வருவோம். இழப்பது உறுதி என்று தெரிந்த பிறகு அங்குள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்?

வெஸ்ட்ரே தீவில் லிங்க்ஸ் ஆஃப் நோல்ட்லாண்ட் என்ற மணற்பரப்பில் காற்று மணலை அள்ளி அள்ளிப் புதிய கற்கால வீடுகளை வெளிக்காட்டியது. காப்பாற்ற முடியாது என்று தெரிந்ததும் அவசர அகழாய்வு தொடங்கினார்கள். 2009-ல் அங்கே சுமார் 4 செ.மீ. உயரமுள்ள ஒரு கல் பொம்மை கிடைத்தது. ஸ்காட்லாந்தில் கிடைத்த மனித உருவங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. 'வெஸ்ட்ரே மனைவி' என்று உள்ளூர்க்காரர்கள் செல்லமாக அழைக்கிறார்கள்.

ரூசே தீவின் ஸ்வாண்ட்ரோவில் கற்காலக் கல்லறையும் அதன்மேல் பின்வந்த பல காலத்து வீடுகளும் அலை தொடும் இடத்திலேயே இருக்கின்றன. பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினரும் தன்னார்வலர்களும் கோடையில் சில வாரம் தோண்டினார்கள். பிறகு மூடிவைத்துவிட்டு வந்தார்கள். அடுத்த கோடையில் எவ்வளவு மீதி இருக்கும் என்பது அந்தக் குளிர்காலத்தைப் பொறுத்தது.

சாண்டே தீவில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்தது. 2005-ல் ஒரு புயல் மியூர் என்ற இடத்தில் வெண்கலக் காலத்துக் கல் கட்டமைப்பு ஒன்றைத் திறந்துகாட்டியது. கற்களைச் சுடவைத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்த இடம் அது. கடலிலிருந்து அதை அங்கேயே காக்க வழியில்லை. தீவின் மக்கள் தொல்லியலாளர்களோடு சேர்ந்து 2014-ல் கல் கல்லாக எண்ணிட்டுப் பிரித்து, தங்கள் பாரம்பரிய மையத்தின் அருகே திரும்பக் கட்டினார்கள். அரசாங்கம் வந்து செய்யும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு. அகழாய்வு என்பதே ஒருவகை அழிப்பு. தோண்டிய மண்ணை மறுபடி தோண்ட முடியாது. எழுதி வைத்தது மட்டுமே மிஞ்சும். இன்று தோண்டினால் நாளைய கருவிகளுக்கு எதுவும் மீதியில்லை. தோண்டாமல் விட்டால் கடல் எடுத்துக்கொள்ளும். நூறு இடம் இருந்து பத்துக்குத்தான் பணம் என்றால், எந்தப் பத்து? பெயர்பெற்ற இடமா, இதுவரை யாரும் படிக்காத இடமா? ஸ்காரா ப்ரேயைப் பற்றி நமக்குப் பெருமளவு தெரியும். தெரியாத ஓரிடத்தின் ஒரு கூடை மண் அதைவிட அதிகம் சொல்லக்கூடும். ஆனால் நன்கொடை கேட்கும்போது ஸ்காரா ப்ரேயின் படத்தைத்தான் எல்லோரும் அடையாளம் காண்கிறார்கள்.

ஸ்காட்லாந்தில் ஒரு தொண்டு அமைப்பு இதற்கு எளிய வழி ஒன்றைப் பிடித்தது. கரையோரம் வசிப்பவர்களையே கண்காணிப்பாளர்களாக்கியது. அவர்கள் நடைப்பயிற்சி போகும்போது தங்கள் பகுதியின் தொல்லியல் இடத்தைப் பார்த்து, கைப்பேசியில் படமெடுத்து, நிலைமையைப் பதிந்து அனுப்பினார்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் எதற்கு முதலிடம் என்று தீர்மானித்தார்கள்.

பதிவும் பத்திரமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்காரா ப்ரேயிலேயே ஒரு சாட்சி உண்டு. 1860-களில் அங்கே திமிங்கில எலும்பில் செதுக்கிய சிறு மனித உருவம் ஒன்று கிடைத்ததாகக் குறிப்பு இருந்தது. உருவத்தைக் காணோம். தொலைந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். 2016-ல் ஸ்ட்ராம்னஸ் அருங்காட்சியகத்தில் ஒரு பெட்டிக்குள் அது இருந்தது! கண், வாய், தொப்புள் எல்லாம் உள்ள 9.5 செ.மீ. உருவம். குறிப்பு இருந்ததால்தான் பெட்டியில் இருப்பது எது என்று தெரிந்தது. 1913-ல் மண்வெட்டியோடு வந்தவர்கள் எடுத்துப்போனவற்றுக்கு அந்தக் குறிப்பு இல்லை.

நாம் கரையில் நடக்கும்போது

ஆர்க்னி நமக்கு எங்கோ இருக்கிறது. ஆனால் கரையோரக் கற்காலம் நமக்கு அந்நியமல்ல. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காடுகளில், விரல்நகம் அளவே உள்ள நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் போன்ற இடங்களில் கிடைத்தவற்றை ஸாய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-ல் விரிவாக எழுதினார்கள். பழைய கடல்மட்டத்தோடு அந்த மணல்மேடுகளைப் பொருத்திப் பார்த்துத்தான் அவற்றின் காலத்தை யோசித்தார்கள். கடல் ஏறியதும் இறங்கியதும் நம் கரையின் வரலாற்றிலும் உண்டு.

நம்மில் பலர் விடுமுறைக்குக் கடற்கரைகளுக்குப் போகிறோம். புயலுக்குப் பிறகு கரை அரிந்த இடத்தில் பானை ஓடோ, எலும்போ, வரிசையான கல்லோ தெரிந்தால் மூன்று காரியம் செய்யலாம். எடுக்காதீர்கள், இருந்த இடத்தில் இருந்தால்தான் அதற்குப் பொருள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். பத்தில் ஒன்பது முறை அது ஒன்றுமில்லாமல் போகலாம். பத்தாவது முறைக்காகத்தான் சொல்கிறேன்.

குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். கிளிஞ்சல் பொறுக்கும் அவர்களுடைய கண்தான் இதில் நம் கண்ணைவிடக் கூர்மையானது.

ஸ்காரா ப்ரேயின் எட்டு வீட்டுக்காரர்களும் தங்கள் வாசலுக்குள்ளிருந்து கட்டையைச் செருகித் தாழிட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். அவர்கள் பயந்தது காற்றுக்கும் குளிருக்கும். கடல் அப்போது வெகுதூரத்தில் இருந்தது. இன்று கடல் வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே தாழிட ஆள் இல்லை. வெளியே நின்று பார்த்து, எழுதி, படமெடுத்து வைப்பதற்குத்தான் இப்போது ஆள் தேவை.